தொட்டா தெரியும்

வெள்ளிக்கிழமை அரைநாள் விடுப்பு.
காரணம்: பல்வலி.
போனது பல்லாவரம்,
ஆகவே முழுப்பொய் இல்லை.

சந்தையில் ஜானி பாஷாவின் தார்ப்பாயில்
மிக்ஸி ஜார், ரிமோட்டுகள், ஒற்றைச் செருப்பு,
பிபி மிஷினின் பட்டை மட்டும்,
நடுவே கையடக்க விளையாட்டுப் பெட்டிகள்:
கிலோவில் வந்து எண்ணிக்கையில் போகிறவை.
தலைக்கு மேல் விமானம் இறங்குகிறது.
அது போகிறவரை வாயால் பேரம் பேச முடியாது.
மூன்று விரல் காட்டினேன்.
அவர் ஐந்து.
சத்தம் அடங்கியபோது நானூறில் நின்றிருந்தோம்.

ஊதா நிறம். உள்ளிருப்பது வெளியே தெரிகிற உடம்பு.
ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்கள் என்று முகப்பில் போட்டிருக்கும்.
உண்மையில் எட்டு.
மீதியெல்லாம் அதே எட்டு, கொஞ்சம் வேகமாக.
இங்கே ஒரு தத்துவம் கிடக்கிறது,
தாண்டிப் போகிறேன்.

இந்த ஊரில் எந்தப் பெட்டிக்கும் பேட்டரி மூடி கிடையாது.
செலோ டேப், ரப்பர் பேண்ட், பள்ளிக்கூட ரிப்பன்,
ஒருமுறை காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி.
கழன்ற மூடிகளுக்கென்று
கட்டில்களுக்கடியில் தனி ஊர் இருக்க வேண்டும்.
இதற்கோ மூடி இருந்தது.
மஞ்சள்.
வேறெதற்கோ பிறந்ததை
ஓரம் சீவி இதில் அமர்த்தியிருக்கிறார்கள்.
முதுகில் காம்பஸ் முனையால் கீறல்:

பத்மஜா 8-சி
தொட்டா தெரியும்

தொட்டேன்.
ஒன்றும் ஆகவில்லை.
"முடிச்சூர் பக்கம்மா. வெள்ளத்துக்கப்புறம்
ஒரு வீட்டையே அள்ளிக் கொடுத்தாங்க,"
என்றார் பாஷா, கேட்காமலே.

திருகாணிப் பள்ளங்களில் இன்னும் சேறு.
ஸ்பிரிங்கில் பச்சை.
செம்புக்குக் களிம்பு கூடவே பிறந்தது என்பார்கள் சைவர்கள்.
இது பேட்டரியில் பிறந்தது, வினிகரில் போகும்.
பஞ்சு, ஊசி, பல்வலிக்காரியின் பழைய பிரஷ்.
பதினொன்றரைக்குத் திரை விழித்தது.
உச்ச ஸ்கோர்: பூஜ்யம்.
பேட்டரியை எடுத்தால் எல்லாவற்றையும் மறக்கிற வகை இது.
எட்டாம் வகுப்பு சி பிரிவு எத்தனை எடுத்தது என்று
ஸ்பிரிங்கை விசாரிக்க முடியாது.

பெரம்பூர் நெல்சன் தேவசகாயம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.
அவர் கூடத்தில் கண்ணாடி அலமாரி,
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள்,
பிரிக்காத டப்பாக்கள்;
உள்ளே ஒரு பொத்தானும் அழுத்தம் அறியாது.
"ஊதா கிடைக்கவே கிடைக்காது. ஆறாயிரம்.
இந்த மூடியோடன்னா மூணு."
"மூடியே இல்லாம?"
"அதான் ஆறு. தப்பான மூடிக்கு மூளியே தேவலை.
கீறலைத் தேய்ச்சு ஊதா அடிச்சுக் கொடுங்க,
ஏழு தரேன்."

எனக்குக் கணக்கு வரும். தணிக்கை அலுவலகம்.
மூன்றிலிருந்து ஆறைக் கழித்தேன்.
மூடியின் மதிப்பு: கழித்தல் மூவாயிரம்.
பிளாஸ்டிக் துண்டு ஒன்று கடன்பட்டு நிற்பதை
அன்றுதான் பார்த்தேன்.

ஆறாயிரத்தை வாங்கிக்கொண்டு
கடனாளியைக் கைப்பையில் போட்டேன்.
"வித்தது வருத்தமா?" என்றார்.
இல்லை. அதற்கு அலமாரி கிடைத்துவிட்டது.

வீட்டில் பதினோரு பெட்டிகளிலும் மாட்டிப் பார்த்தேன்.
ஒன்பதில் ஏறவேயில்லை.
ஒன்றில் ஏறி, இறங்க மறுத்து,
ஸ்பூன் காம்பால் நெம்ப வேண்டியிருந்தது.
சாம்பல் நிறப் பெட்டி ஒன்றில் லொடலொட.
பெரம்பூர் போய்வந்த ரயில் டிக்கெட்டை
நாலாய் மடித்து இடுக்கில் செருகினேன்.
நின்றது.

மணி இரண்டு. தெருவில் தண்ணீர் லாரி
பின்பக்கமாக வந்துகொண்டிருக்கிறது.
நான்கு வரிசை அடுக்கி, ஓரத்தில் ஒரு சந்து விட்டிருக்கிறேன்.
நீளக்கல் ஒன்று வந்தால் போதும்,
நான்கும் ஒரே வீச்சில் போகும்.
நடுவிரலுக்கு அடியில் எட்டு, ஒரு கோடு, சி.
தொட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

வந்தது சதுரம்.