ஈயம் மூன்று சுற்று

இருபத்தோரு டிகிரி.
இதற்கே குல்லாயும் மஃப்ளருமாய்ப்
பால் வாங்கப் போகிறது எங்கள் புதுச்சேரி.
சிரிக்காதீர்கள்.
ஆரியாங்குப்பம் ஆற்றில் கை விட்டுப் பாருங்கள்,
கார்த்திகையில் கொட்டிய மழை இன்னும்
கடல் போய்ச் சேரவில்லை.
மணிக்கட்டுவரை ஒரு கடுப்பு ஏறும்.
கொடுவாவுக்கு உடம்பெல்லாம் அந்தக் கடுப்பு.
தூணோரம் சேற்றோடு கிடக்கும்,
பசிகூட மெதுவாகத்தான் எழுந்து வரும்.

பாலத்துக்குக் கீழே
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
டப்பாவைத் திறக்கிறேன்.

சிவப்புத் தலை பாப்பர்.
ஆவணியில் இவன் ராஜா,
பொளக் பொளக்கென்று தண்ணீர்மேல் கத்திக்கொண்டு போவான்,
பின்னாலேயே ஒரு வாய் பிளக்கும்.
மார்கழியில் யாருக்கு இந்தக் கூச்சல்?
படு.

வெள்ளிக் கரண்டி.
ஓடினால்தான் மினுங்குவாய்.
ஓடுவதைத் துரத்த இன்று கீழே ஆளில்லை.
நீயும் படு.

ரப்பர் இறால், வாலை நண்டு கத்தரித்துவிட்டது.
ஏன் இன்னும் வைத்திருக்கிறேன், தெரியவில்லை.

எண்ணூற்றைம்பது ரூபாய் ஜப்பான் மீன்,
வயிற்றுக்குள் குண்டுகள் கிலுகிலுக்கும்.
வாங்கிய அன்று ஃபிலோமியிடம்
இருநூறு என்றேன்.
பில்லைப் படித்து மடித்துத் தந்துவிட்டு
'இருநூறுக்குப் பரவாயில்லை' என்றாள்.
இன்றுவரை தண்ணீரில் போட மனசு வரவில்லை.

வேண்டியது இவை எதுவும் இல்லை.
விரல் நீளம், பச்சைப் பொன் நிறம்,
முதுகில் பெயின்ட் போய்ப் பல் தடம் மட்டும் உள்ளது.
முன் முள்ளில் ஈயம் சுற்றியிருப்பேன்,
கடையில் டிவி போர்டுக்கு வைக்கும் அதே ஈயக் கம்பி.
இரண்டு சுற்றென்றால் மிதந்து மேலே வரும்.
நான்கென்றால் சேற்றில் போய் உட்காரும்.
மூன்று சுற்றினால்
விட்ட இடத்தில், ஆற்றின் நடுவில்,
அஜந்தா சிக்னலில் சிவப்புத் தொப்பிக்காரர்போல
அசையாமல் நிற்கும்.
நிற்பதைத்தான் குளிரில் கொடுவா தின்னும்.

அதன் அறை காலி.

போன தையில் எதுவாருக்குக் கொடுத்தேன்.
சித்திரையில் பங்குச் சுவரில் அவன்
சாக்கடைக் குழாயைத் திருப்பினான்.
அதிலிருந்து
மச்சானும் இல்லை, மீனும் இல்லை.

அடுத்த தூணில் ஓர் உருவம்.
ரீல் இரண்டு சுற்று, கிர் கிர்.
பிறகு மௌனம்.
நான் எண்ணினேன், எட்டு.
மறுபடி இரண்டு சுற்று.
மறுபடி எட்டு.
இந்த ஊரில் எட்டுவரை பொறுப்பவர் இரண்டே பேர்.
அவன் நூல் நுனியில் என் மீன்.

ஜப்பான்காரனைக் கட்டினேன், கோபத்தில்.
வீசினேன், இழுத்தேன், கிலுகிலுத்தான்.
ஒரு கெளுத்திகூட எட்டிப் பார்க்கவில்லை.

அங்கே ஏழில் அடித்தது.
கழி வளைந்து, நூல் பாட,
தண்ணீருக்குள்ளிருந்து யாரோ
கதவைச் சாத்துவதுபோல ஒரு சத்தம்.
நான்கு கிலோ இருக்கும்.
அவனிடம் கைவலை இல்லை,
என்றைக்குமே எடுத்து வரமாட்டான்.
வலை நான்தான் கொண்டுவருவேன்.

முழங்கால் தண்ணீரில் இறங்கினேன்.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
தலைப்பக்கம் வலையைக் கொடுத்துத் தூக்கினேன்,
சிவந்த கண், திறந்தபடி செவுள்,
கடைவாயில் பச்சைப் பொன்.

டார்ச்சில் பார்த்தேன்.
முள்ளில் ஈயம் இரண்டே சுற்று.

கொறடாவால் முள்ளைக் கழற்றிக்கொண்டே
மீனிடம் சொல்வதுபோல எதுவார் சொன்னான்:
'மழைத் தண்ணி. உப்பில்ல.
மூணு போட்டா முழுகிடுது.'

எட்டு மாதத்தில் முதல் பேச்சு.
சரிதான் அவன் சொல்வது.
உப்புத் தண்ணீர் தாங்கும், நல்ல தண்ணீர் தாங்காது,
ஈயத்தைத் தினமும் தொடும் எனக்குத் தோன்றவில்லை.
குழாய் விஷயத்திலும் ஒருவேளை
என்று ஆரம்பித்த யோசனையை
அங்கேயே நிறுத்தினேன்.

கழற்றிய ஒரு சுற்று ஈயம்
அவன் கழியின் அடிப்பிடியில் சுற்றியிருந்தது,
தூக்கிப் போடாமல்.

பதில் சொல்ல வாய் வந்தது.
உடனே இழுக்கவில்லை.
பாலத்தின்மேல் முதல் பஸ் போனது.
ஐந்து.
ஆறு.
மீன் வாலை ஒருமுறை கல்லில் அடித்தது.
ஏழு.