அண்டியாபீசுக்குப் போகும் பை

திங்கள்சந்தையில் பழைய இரும்புக்கடை வாசலில்
மழை நனைந்து கிடந்தது.
மேலெல்லாம் பூஞ்சை. வார் இல்லை.
மூடியில் பொன்னிறம் போன இரண்டு எழுத்து:
எம். பி.
நூற்றிருபது சொன்னான், எண்பதுக்குத் தந்தான்.
அப்பா மோசஸ், நான் புஷ்பலீலா.
எழுத்துக்காகத்தான் எடுத்தேன் என்று தெரிந்திருந்தால்
இருநூறு கேட்டிருப்பான்.

கருங்கல் முக்கில் செருப்புத் தைக்கிறவர்
தலைகீழாக்கித் தட்டினார்.
ஒரு செத்த கரப்பான், யாரோ கடித்து மூடிய பேனா மூடி.
"இத நேராக்குற காசுக்கு
ரெக்சின் பை ரெண்டு வாங்கலாம்."
வாங்கலாம்தான்.
குத்தூசியும் மெழுகு நூலும் மட்டும்
அவரிடம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு. ஆராதனை முடிந்து
அடுப்பில் மரச்சீனி வேகிற நேரம்.
வினிகர் தொட்டுப் பூஞ்சையைத் துடைத்தேன்.
தேங்காயெண்ணெய் தேய்க்காதே, எலி வரும்
என்றாள் ஸ்டெல்லாபாய்.
தேய்த்தேன். எலி வந்தது.
மூலையில் அது தின்ற அரைவட்டத்துக்கு
சைக்கிள் டியூப்பில் ஓர் அரைவட்டம் வெட்டி ஒட்டினேன்.
எலிப் பல்லுக்கு நல்ல அளவு இருந்தது.

உள்ளே தைக்க, குடைத்துணி.
ஆரல்வாய்மொழிக் காற்றில் மேல்நோக்கி மலர்ந்து
கம்பி முறிந்த குடை.
எட்டுக் கூறில் ஆறு போதும்.
மிச்சத்தில் கைபேசிக்கு ஓர் அறை,
சோற்றுப் பாத்திரம் சாயாமலிருக்க ஒரு நாடா.

வாருக்கு, குளச்சலிலிருந்து மீன் கொண்டுவரும் பிரிஜித்தம்மா
வலையின் மேல்கயிறு தந்தாள், நீலம்.
முடிச்சை அவளே போட்டாள்.
"ஒனக்க முடிச்சு சாளைக்கிகூட நிக்காது."

முதல்நாள் தோளில் மாட்டி உள்ளே போனதும்
"எம்பி வாறாவ, எழும்புங்கட்டி!"
நாற்பது பெண்கள் எழுந்து நின்று கும்பிட்டார்கள்.
மேஸ்திரி வந்து ஏசும்வரை.

வியாழக்கிழமை ஓட்டெண்ணெய் தெறித்தது,
மூடியின் நட்டநடுவில்.
மண்ணெண்ணெய் போட்டேன், சீயக்காய் போட்டேன்,
இன்னும் கொஞ்சம் கறுத்தது.
எங்கள் கைக்குப் பழக்கமானதுதான்.
சாம்பல் தொட்டுக்கொண்டாலும் தோல் உரியும்.
உரிந்த இடத்தில் வரும் தோலுக்கு
எழுதப் படிக்கத் தெரியாது.

ரேஷன் கடையில் கருவி விரல் கேட்கும்.
வைப்பேன்.
வேற விரல் வைங்க.
வைப்பேன்.
தொடச்சிட்டு வைங்க.
பின்னால் வரிசை பெருமூச்சு விடும்.
ஓடிபி வருதா பாருங்க என்பார் கடைக்காரர்.
டவர் இருந்தால் வரும்.

இரண்டு நாள் அந்தக் கறையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்றே ஒன்றாக இருப்பதால்தானே கறை.
சோடா மூடியில் கொஞ்சம் எண்ணெய் கொண்டுவந்து
விரல் விரலாகத் தொட்டு வைத்தேன்,
தெறித்ததைச் சுற்றி வளைத்து.
எரியும். எரியட்டும்.
இடது பெருவிரல் கொஞ்சம் தள்ளி விழுந்தது,
அதை அப்படியே விட்டுவிட்டேன்.

காய்ந்தபின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
ஒரு வரி இல்லை.
பத்துப் புளியங்கொட்டை போல
வழுவழுவென்று கறுப்பு.
எந்த மாட்டின் தோலோ,
திரும்ப வை என்று சொல்லாமல்
எடுத்துக்கொண்டது.

"எனக்க விரலும் வைக்கட்டா?"
ஸ்டெல்லாபாய் கேட்டாள்.
பக்கவாட்டில் இடமிருந்தது.
அவளுக்கு வலது சுண்டுவிரல் பாதிதான்,
அதையும் வைத்தாள்.
அடுத்த நாள் சோறு தின்னும் நேரத்தில்
கொச்சுத்தங்கம் வைத்தாள், பிறகு ரெஜினா,
பிறகு பேர் சொல்லாமல் ஒருத்தி.
அடிப்பக்கம் ரப்பர் ஷீட் ஒட்டியிருக்கிறேன்,
அங்கே பிடிக்காது.

பூட்டு மட்டும் இன்னும் விழவில்லை.
கொக்கியை நெளித்துப் பார்த்தேன்,
கொண்டை ஊசி கோத்தும் பார்த்தேன்.
ஆறரை மணி பேருந்தில் கூட்டத்தோடு ஏறுகையில்
மூடியை ஒரு கையால்
அமுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.