நாலரை வோல்ட்

லியெபாயாவில், பிப்ரவரியில்,
மரவீட்டுச் சுவரைத் திறந்தால்
முதலில் கொட்டுவது மரத்தூள்.
பிறகு குளிருக்கு யாரோ திணித்த செய்தித்தாள்.
அப்புறம்தான் கம்பி.

வெளுத்த பிவிசிக்குள் அலுமினியம் என்றால்
சோவியத் காலம். உரித்துப் போட்டுவிடலாம்.
அதற்கும் பின்னால், பருத்தி நூல் பின்னிய ரப்பர்.
அதன் முன் நான் மூச்சைக்கூட மெல்ல விடுவேன்.
இருட்டில் அசையாமல் கிடந்தால்
எண்பது வருடமும் உழைக்கும்.
கொஞ்சம் வளைத்தால் போதும்,
காய்ந்த ரொட்டியாய் உதிர்ந்துவிடும்.
உள்ளே வெள்ளீயம் பூசிய செம்பு
போன வாரம் வாங்கியதுபோல் இருக்கும்.
வயதானதெல்லாம் உறைக்குத்தான்.

கீழே வெல்தா. மேலே அவள் தம்பி ஆர்விட்ஸ்.
ஒரே மீட்டர்.
பாதிக் கட்டணத்தை உறையிலிட்டு
ஐந்தாம் படியில் வைக்கிறாள். அவன் எடுத்துக்கொள்கிறான்.
படகு விற்ற கணக்கு என்கிறார்கள் கீழே.
படகாவது ஒன்றாவது, ஒரு வார்த்தை என்கிறார்கள் மேலே.
இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னது:
“நான் சொன்னதாக அங்கே சொல்லாதே.”

என் பெயர் ட்ஸிந்த்ரா. எங்கள் மொழியில் அம்பர்,
புயலுக்கு மறுநாள் கடல் கரையில் போடும்
பழைய மரப்பிசின்.
அதன் வழியே மின்சாரம் போகாது.
பேச்சும் போகாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள், கதவுச் சட்டத்தின் ஓரம்
சிவப்பும் வெள்ளையுமாய் முறுக்கிய மணிக்கம்பி.
மெழுகில் தோய்த்த பருத்தி.
முகர்ந்தால், அப்போதுதான் ஊதி அணைத்த மெழுகுவர்த்தி.
இரண்டு கம்பிகள்
ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே மாடிவரை போகின்றன,
நடுவில் ஒரு நூல் கனம்.
வழியில் எங்கே தொட்டுக்கொண்டாலும்
மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கும்.
தொட அவற்றுக்கு ஒரே இடம்தான்:
வெல்தாவின் சமையலறை,
எலும்புப் பொத்தானுக்குப் பின்னால்.

மெகர் வைத்துப் பார்த்தேன்.
முள் கிட்டத்தட்ட முடிவிலியைத் தொட்டது.

“எடுத்துவிடவா?”
பீட்ரூட் சூப்பைக் கிளறியபடி வெல்தா:
“அது உன்னை என்ன செய்தது?
பதினோரு வருடமாக யாரும் அழுத்தவில்லை.”

மேலே போனேன்.
அலமாரியெங்கும் தூசி, என் விரல் எழுதும் அளவுக்கு.
மணியின் பித்தளைக் கிண்ணத்தில் மட்டும் இல்லை.
பக்கத்தில் நாலரை வோல்ட் தட்டை பேட்டரி.
மேலட்டையில் பேனாவால் மாற்றிய தேதி:
போன அக்டோபர்.
ஆர்விட்ஸ் ஜன்னல் வழியே
துறைமுகத்தில் எதையோ தீவிரமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பனிமூட்டம். துறைமுகமே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது.
புதுக் கேபிள் எண்பத்தாறு மீட்டர்,
பெட்டிகள், எர்த், பூச்சு வேலை
என்று பில்லில் வரிசையாக எழுதினேன்.
கடைசி வரி:
மணிக்கம்பி, கை வைக்கவில்லை. கட்டணம் இல்லை.

இரண்டு பிரதி எடுத்து
ஐந்தாம் படியில் வைத்தேன்.