பட்டும் படாமலும்

சான் தெனியில் ஆரஞ்சு எச்சரிக்கை.
மூஃபியா மேட்டுக் கடைகள் நாலு மணிக்கே இழுத்து மூடிவிட்டன.
எலோடி வெலாயுதோம் ரொட்டியும் டப்பா மீனும் வாங்கி வந்தாள்.
சிவப்பு அறிவித்தால் இன்றிரவு ஆய்வுக்கூடத்தில்தான்.

இரண்டு மணிகள்,
தலைமுடித் தடிமனில் எண்பதில் ஒரு பங்கு.
லேசர் அவற்றைப் பிடித்திருக்கிறது.
நடுவில் ஒற்றை டி.என்.ஏ. இழை.
யாரும் ஆட்டவில்லை, அது ஆடுகிறது.

தண்ணீர் இடிக்கிறது.
எல்லாப் பக்கமிருந்தும், நொடிக்குக் கோடானுகோடி முறை,
பகை இல்லாமல்
திசை நினைக்காமல்.
கூட்டிக் கழித்தால் பூஜ்யம் வரவேண்டும்.
வருவதில்லை.
மிச்சம் விழுகிற சில்லறையில்தான்
இழை நெளிகிறது.

ஐந்தேகாலுக்குப் புரதத்தை விட்டேன்.
பாடப்புத்தகத்துப் புரதம் இஸ்திரி போட்ட சட்டை:
இந்த மடிப்பு, இந்தக் காலர், இந்த வேலை.
இதற்கு மடிப்பே கிடையாது.
பூட்டு, சாவி என்று படித்து வந்தவள் நான்.
இது சாவி இல்லை,
பைக்குள் சாவியைத் தேடித் துழாவுகிற கை.

எதிர்மின் இழைமேல் நேர்மின் விரல்கள்.
ஒன்று விடுவதற்குள் இன்னொன்று தொட்டிருக்கும்.
கட்டிக்கொண்ட பிறகும் உருவம் வரவில்லை,
கட்டிக்கொண்ட பிறகும் ஆட்டம் ஓயவில்லை.

பிடித்திருக்கிறதா என்று கேட்டாள் எலோடி, பிரெஞ்சில்.
மனசுக்குள் அது தமிழாகி
இரண்டு கேள்வியாகப் பிரிந்தது.
ஏன் சிரிக்கிறாய் என்றாள்.
சொல்லிப் பார்த்தேன், பிரெஞ்சில் நிற்கவில்லை.

பிறகுதான் வரைபடத்தில் அந்த மேடு.
பத்து நொடிக்கு ஒரு தரம், தவறாமல்.
புரதம் இப்படி எண்ணிக்கொண்டு மூச்சுவிடாது.
ஏசியை அணைத்தோம். லிஃப்டை நிறுத்தினோம்.
அடுத்த அறை சுழலியின் பிளக்கைக்கூடப் பிடுங்கினோம்.
மேடு அப்படியே.

எலோடி மேசைமேல் உள்ளங்கையை வைத்துக் கொஞ்சநேரம் நின்றாள்.
"கடல்."

ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் புயல்.
அதன் அலைகள் முன்னதாகவே வந்து
கரையில் மோதித் தீவை ஆட்டுகின்றன.
காற்றுக்கால்களில் மிதக்கும் மேசை
லாரியைத் தின்றுவிடும், காலடியைத் தின்றுவிடும்.
இத்தனை மெதுவானது அதன் வாயில் அகப்படாது.

வடிகட்டியைப் போட்டுக் கடலை நீக்கினேன்.
மீந்தது வெறும் வெப்பம்.
முதல் வருஷம் அதையும் இரைச்சல் என்றுதான்
நீக்கிக்கொண்டிருந்தேன்.

ஏழு இருபதுக்கு மின்சாரம் போனது.
லேசர் இல்லை, மணிகள் விடுபட்டு எங்கேயோ.
இருபத்தாறு டிகிரி இருட்டில்
அது இன்னும் தொட்டுக்கொண்டும் விட்டுக்கொண்டும்.

டார்ச்சுக்காகப் பைக்குள் கைவிட்டேன்.
பேனா பட்டது. சாவி பட்டது.
மறுபடி பேனா.