கோர்ட்டு விளக்கு

முதலில் கோட்டை மாடி, தேங்காயெண்ணெய்த் திரி.
அப்புறம் கொஞ்சம் தள்ளி ஒரு கல்தூண்.
அப்புறம் ஹைகோர்ட்டுக் கோபுரம்:
கீழே தீர்ப்பின் மை காயக் காய
மேலே ஒன்றும் காதில் வாங்காமல்
சுற்றிக்கொண்டிருந்த வெளிச்சம்.

எழுபத்தேழில் அது மெரினாவுக்குக் குடிமாறிய வாரம்
நொச்சிக்குப்பம் தேசிங்கு
என்றும்போல வெளிச்சத்தை வலது தோளுக்கு வைத்துக்
கட்டுமரம் விட்டான்.
போய் ஏறியது அடையாறு முகத்துவாரம்.
பவுனம்மாள் பேரம் பேசி நிறுத்திய வண்டி
வடக்கே காத்திருந்துவிட்டுக் கிளம்பிவிட்டது.
கூடையில் சங்கரா, கண் மங்கி.

"கோர்ட்டு வெளக்கு இல்லியா,
எனக்கும் வாய்தா போட்டுட்சு" என்றான்.

புது விளக்கு அவன் கூரைக்கு மேலேதான்.
தாண்டித் தாண்டிப் போய்க்
கடலில் விழுந்தது.
உள்ளே பவுனம்மாள்
சிம்னியைத் துடைத்துத் திரியை ஏற்றி
மீன் ஆய்ந்தாள்.