தொண்ணூறு நாள் அனுமதி

ரியேகாவில் காற்றுக்குப் பெயர் பூரா.
வந்தால் ஊர் பூரா அதுதான்.
மலையிறங்கி வந்து
தொப்பி, கொடித்துணி, நகராட்சியின் அறிவிப்புப் பலகை,
எதையும் விட்டுவைக்காது.

அதற்குப் போய் ஒரு புனலை வைத்தார்கள்
மன்றச் சதுக்கத்தில்.
மூன்றாள் உயரம். துத்தநாகத் தகடு.
வாய் மலைப்பக்கம்.
முதல் இரவே முனகத் தொடங்கியது,
கடைவாய்ப்பல் வலிக்காரன்
தலையணைக்குள் முனகுவது மாதிரி.

வெத்ரானாவின் மேசைக்கு நாற்பத்தொரு புகார்கள்.
அதில் பத்தொன்பது மருந்துக்கடை ஸ்லாவ்கோ எழுதியவை,
பச்சை மசியில், அடித்தல் திருத்தல் இல்லாமல்.
எல்லோருக்கும் அவள் ஒரே பதில் போட்டாள்:
இது தற்காலிகமானது.

மீன் விற்கும் நெவெங்கா மட்டும்
கடை கட்டியதும் வருவாள்.
சிறிய முனையில் வாய் வைத்து
விட்டுப்போனவன் பெயரைச் சொல்லி
மலையைப் பார்த்து ஒரு வசவு.
பிறகு டிராலியைத் தள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு.

தொண்ணூற்றோராம் நாள் கிரேன் வந்தது.
எட்டு போல்ட்டுகள்.
ஏழு சொன்னபடி கேட்டன.
எட்டாவதற்கு ரம்பம் தேவைப்பட்டது.

அடுத்த வியாழன், பச்சை மசியில்:
'நேற்று இரவு பூரா காற்று.
எங்கே நுழைவதென்று தெரியாமல்
என் ஜன்னலில் வந்து நின்றது.
நானும் எழுந்து நின்றேன்.
தூக்கமில்லை.'

புகாரா, கோரிக்கையா?
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
மதிய இடைவேளையில் இறங்கிப்போய்ப் பார்த்தாள்.
ஏழு துளைகளில் மழைத்தண்ணீர்.
எட்டாவதில் அறுபட்ட இரும்பு,
தரையோடு தரையாக,
செருப்பைத் தட்டுமளவுக்கு மட்டும்
துருத்திக்கொண்டு.

மேலே வந்து
பழைய பதிலையே அனுப்பினாள்.