டிரிப் ஷீட்

பாரிமுனை 12.50. எண்ணூர் 1.55.
பதினோரு டிக்கெட்.
வசூல் இருநூற்றுப் பதினாறு ரூபாய்.
அதில் ஒரு பத்து கிழிந்தது.
அதை நான் வைத்துக்கொண்டு
என் பத்தைப் போட்டிருக்கிறேன்.

டெப்போவில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால்
தேசப்பன் சார் கால்குலேட்டரைத் தட்டுகிறார்.
"கிலோமீட்டருக்கு எவ்ளோ கையக் கடிக்குது,
தெரியுமா உனக்கு?"
தெரியும் சார்.
வண்டி குடித்த டீசலில்
கால்வாசிகூடத் திரும்பவில்லை.

மணிக்கூண்டில் ஏறிய பரோட்டா மாஸ்டர்
கம்பியைப் பிடித்த நிலையிலேயே தூங்கிவிட்டார்.
நின்றபடி தூங்குகிறவரிடம்
சில்லறை கேட்பது எப்படி என்று
டிரெய்னிங்கில் சொல்லித்தரவில்லை.

ஸ்டான்லி வாசலில் ஒரு தகப்பன்.
தோளில் பிள்ளை. பிள்ளையின் புறங்கையில்
ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு.
ஆட்டோவில் நானூறு கேட்டார்களாம்.
இருப்பதே நூற்றிருபது என்றார்,
நான் எதுவும் கேட்காமலேயே.
தேரடியில் இறங்கும்போது பிள்ளை விழித்து
என் விசிலைக் கேட்டது.
கொடுத்தேன். ஒரு தரம் ஊதியது.
ஒற்றை விசிலுக்கு நிற்கவேண்டும் என்று அர்த்தம்.
நின்றிருந்த வண்டி
இன்னும் நன்றாக நின்றது.

திரும்பும் நடை 2.20.
கத்திவாக்கத்தில் அன்னக்கூடைகளோடு ஐந்து பெண்கள்,
காசிமேட்டு ஏலத்துக்கு.
கூடைக்கு லக்கேஜ் போடவேண்டும், விதி.
"காலிக் கூடைக்கு இன்னாத்துக்குத் துட்டு?
மீனோட வரசொல்ல கேளு" என்கிறாள் பவுலின்.
அவள் மீனோடு வரும்போது
என் ட்யூட்டி முடிந்திருக்கும்.
அது அவளுக்கும் தெரியும்.

இதெல்லாம் தாளில் ஏறிவிட்டது சார்.
ஏறாதது கொஞ்சம் இருக்கிறது.

தாங்கலில் முதல் மாடி ஜன்னல் ஒன்று.
எங்கள் சத்தம் கேட்டபின்தான் விளக்கு அணையும்.
யார் வீடு, யாருக்காக, தெரியாது.
டோல்கேட்டில் சுக்கு காப்பி ஜலாலுதீன்
எங்களைக் கண்டபிறகே கேனைக் கழுவுவார்.
ஒருநாளும் ஏறியதில்லை.

அப்புறம் ஏகவல்லி.
இறால் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்டுக்கு
அவள் தலையாட்டியது
சம்பளத்தைப் பார்த்தல்ல, இந்த வண்டியைப் பார்த்து.
பெரும்பாலும் கம்பெனி வேன் வந்துவிடும்.
மாதத்தில் மூன்று நாள்தான் எங்களிடம் ஏறுகிறாள்.
மற்ற இருபத்துமூன்று நாளும்
வேன் வராவிட்டால் வண்டி இருக்கிறது என்று
வேலைக்குப் போகிறாள்.
அந்த இருபத்துமூன்றுக்கும்
நான் எப்படி டிக்கெட் கிழிப்பது?

ஆடியில் ஒரு ராத்திரி ரேடியேட்டர் போய்
வண்டி எடுக்கவில்லை.
அன்றைக்கு நஷ்டம் பூஜ்யம்.
அந்த மாதத்திலேயே சுத்தமான தாள் அதுதான்.
சிவப்பு மை படாமல் கையெழுத்தாகி வந்தது.

அன்றுதான் வேனும் வரவில்லை.
செருப்பு அறுந்து, அதைக் கையில் பிடித்துக்கொண்டு
கன்டெய்னர் லாரிகளின் வரிசையோரமாகவே
எர்ணாவூர் வரைக்கும் நடந்திருக்கிறாள்.
அடுத்த வாரம் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.
"பின்னாடி லைட் அடிக்கும்போதெல்லாம்
நீங்கதானோன்னு நின்னு பார்த்தேண்ணா."
எத்தனை தடவை என்று
நான் கேட்கவில்லை.
கோதண்டம் கியரை மாற்றினார்,
மாற்றவேண்டிய இடமே இல்லை அது.

"சரி, கையெழுத்துப் போடு" என்கிறார் தேசப்பன் சார்.
கெட்டவரில்லை. அவருக்கும் மேலே ஒரு கால்குலேட்டர்.

தாளின் அடியில் குறிப்பு என்று ஒரு கட்டம்,
தீப்பெட்டி அகலம்.
பஞ்சர், தகராறு, தவறவிட்ட பொருள்
இவை எழுத மட்டும்.
எழுதுகிறேன்:
குடை ஒன்று. பூப்போட்டது. கைப்பிடி உடைந்தது.
உரியவர் நாளைக்கும் இதே வண்டியில் வருவார்
என்று சேர்க்கப் பார்த்தேன்.
இடம் போதவில்லை.